ஒரு கணக்கும் இரு விடையும்

பள்ளியில் கணக்குக் கற்பித்தவர் எவரும் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார். கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதிவிட்டு ஆசிரியர் திரும்புகிறார். முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவன் ஒரு விடை சொல்கிறான். கடைசி வரிசையில் இருப்பவன் வேறொரு விடை சொல்கிறான். கணக்கு ஒன்று, விடை இரண்டு. அப்போது ஆசிரியர் செய்யத் தக்கது யாது? 'முதல் வரிசை மாணவன் கெட்டிக்காரன். ஆகவே அவன் விடையே சரி' என்று தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் அஃது ஆசிரியருக்கு அழகன்று. இருவருடைய ஏடுகளையும் வாங்கி, வரி வரியாக ஒப்பிட்டு, எந்த வரியில் வழி பிரிந்தது என்று காண்பதே முறை. சில வேளைகளில் கெட்டிக்கார மாணவனின் ஏட்டிலேயே பிழை இருக்கக் காண்போம்.

மாணவர் இருவரிடையே தோன்றும் இந்த வேறுபாடு கணிப்பொறிகளிடையேயும் தோன்றுவது உண்டு. ஒரு பொறியில் செவ்வனே ஓடும் மென்பொருள் மற்றொரு பொறியில் ஓடாமல் நின்றுவிடுகிறது. அல்லது, அதனினும் தீமையாக, ஓடுவது போலவே ஓடித் தவறான விடையைத் தந்துவிடுகிறது. நின்றுபோன மென்பொருள் தன் குறையைத் தானே அறிவித்துவிடும். தவறான விடையோ சரியான விடையின் உடையை உடுத்திக்கொண்டு வரும். அதைக் கண்டுகொள்வது அரிது. அவ்வாறு வந்த ஒரு தவறான விடையின் வேரைத் தேடிச் சென்ற கணிதப் பேராசிரியர் ஒருவரின் வரலாற்றை நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன். அது நிகழ்ந்த ஆண்டு 1994. நிகழ்ந்த இடம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள லிஞ்ச்பர்க் கல்லூரி. பேராசிரியரின் பெயர் தாமஸ் நைஸ்லி.

நைஸ்லி ஆராய்ந்துகொண்டிருந்த பொருள் மிகப் பழையது. தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11, 13 என அவ்வரிசை முடிவின்றிச் செல்லும். அவற்றுள் இரண்டு எண் இடைவெளியில் இணையாக நிற்பவை சில உண்டு. 3-உம் 5-உம் ஓர் இணை. 5-உம் 7-உம் ஓர் இணை. 11-உம் 13-உம், 17-உம் 19-உம், 29-உம் 31-உம் அவ்வாறே. இவற்றை இரட்டைப் பகா எண்கள் என்பர். இத்தகைய இணைகள் முடிவின்றி உள்ளனவா என்னும் வினாவுக்கு இன்றுவரை நிறுவப்பட்ட விடை இல்லை.

பகா எண்கள் எல்லாவற்றின் தலைகீழிகளையும், அதாவது 1/2, 1/3, 1/5, 1/7 என்பவற்றை, கூட்டிக்கொண்டே சென்றால் கூட்டுத்தொகை எந்த எல்லைக்கும் அடங்காமல் வளரும் என்று 1737-இல் ஆய்லர் என்னும் பேரறிஞர் காட்டினார். இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளை மட்டும் கூட்டினால் அவ்வாறு வளராது. ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும் என்று 1919-இல் நார்வே நாட்டு அறிஞர் விகோ புரூன் நிறுவினார். அந்த எல்லை எண்ணுக்குப் புரூன் மாறிலி என்று பெயர். அதன் மதிப்பு ஏறத்தாழ 1.902. ஆனால் அதை நுட்பமாக அறிவது எளிதன்று. கூட்டுத்தொகை அந்த எல்லையை மிக மிக மெதுவாகவே நெருங்கும். கோடி கோடியான எண்களுக்கு இடையே இரட்டைப் பகா எண்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் தலைகீழியையும் பல தசம இடங்களுக்குத் துல்லியமாக வகுத்துக் கூட்ட வேண்டும். மனிதன் கையால் செய்து முடிக்கக் கூடிய வேலை அன்று அது. நைஸ்லி சாதாரண மேசைக் கணிப்பொறிகள் சிலவற்றை இவ்வேலையில் ஈடுபடுத்தினார்.

1994 மார்ச்சு மாதத்தில் அந்தக் கூட்டத்தில் புதிய பொறி ஒன்று சேர்ந்தது. அதனுள் இருந்தது பென்டியம் என்னும் செயலி. இன்டெல் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட அச்சில்லில் ஏறத்தாழ 31 இலட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. முந்திய 486 என்னும் செயலியைக் காட்டிலும் அது பன்மடங்கு விரைவானது என்று புகழப்பட்டது. நம் வகுப்பின் முதல் வரிசைக் கெட்டிக்கார மாணவன் அதுதான் என்று கொள்ளலாம்.

ஜூன் 13-ஆம் நாள் நைஸ்லி தம் கணக்குகளின் விடைகளில் முரண்பாடு இருப்பதைக் கண்டார். ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய எண்கள் பொருந்தவில்லை.

இங்கே ஒரு செய்தியைக் கூறிவிட வேண்டும். கணிப்பொறிகள் தோன்றிய காலத்தில் ஒரு பொறியின் விடையும் மற்றொரு பொறியின் விடையும் சிறிது வேறுபடுவது வியப்பன்று. தசமப் புள்ளியுள்ள எண்களை எத்தனை இலக்கங்கள் வரை வைத்துக்கொள்வது, எஞ்சியதை எவ்வாறு முழுமைப்படுத்துவது என்பவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. ஒரே நிரல் ஓரிடத்தில் நன்றாக ஓடுவதும் மற்றோரிடத்தில் தடுமாறுவதும் அதனால் இயல்பாயின. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1985-இல் ஒரு பொது விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. 'ஐஇஇஇ 754' என்பது அதன் பெயர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ககான் அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். அவ்விதிப்படி நடக்கும் பொறிகளில், ஒரே எண்ணை ஒரே எண்ணால் ஒரே நுட்பத்துடன் வகுத்தால் ஒரே விடைதான் வர வேண்டும். 486-உம் பென்டியமும் அவ்விதிக்கு உட்பட்டவை என்றே விற்கப்பட்டவை. ஆகவே நைஸ்லி கண்ட முரண்பாட்டுக்குக் காரணம் ஒன்று எங்கோ இருந்தே தீர வேண்டும்.

அக்காரணத்தைக் கண்டறிய அவருக்கு நான்கு மாதங்களுக்கு மேல் ஆயின. அந்த நான்கு மாதங்கள்தாம் இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி என்று நான் கருதுகிறேன்.

முதலில் யாரை ஐயுறுவது? விலை கொடுத்து வாங்கிய பொறியையா, எழுதிய நிரலையா? நைஸ்லி முதலில் தம்மையே ஐயுற்றார். தாம் எழுதிய நிரலின் தருக்கத்தில் ஓட்டை இருக்கலாம். இது பணிவுக்காகச் செய்த செயல் மட்டும் அன்று; அறிவுடைய செயலும் ஆகும். ஏனெனில், ஒரு சில்லை இலட்சக்கணக்கானோர் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். நாம் எழுதிய நிரலைப் பயன்படுத்துவோர் நாம் ஒருவரே. பலர் நடந்த பாதையைவிட ஒருவர் நடந்த பாதையில்தான் முள் எஞ்சியிருக்கக் கூடும்.

நிரலில் குற்றம் இல்லையென்றால் அடுத்து ஐயத்துக்கு உரியது தொகுப்பி. நாம் எழுதும் நிரலைப் பொறி அறியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள் அது. மூலத்தில் சரியாக உள்ள ஒன்றை மொழிபெயர்ப்பாளர் மாற்றிவிடுவது போல, தொகுப்பியும் சில வேளைகளில் பிழை செய்வது உண்டு. அதுவும் இல்லையென்றால் நினைவகத்தில் ஒரு பழுது இருக்கலாம். செயலியையும் பிற உறுப்புகளையும் இணைக்கும் துணைச் சில்லுகளிலும் தரவுப் பாதையிலும் குறை இருக்கலாம். இவற்றை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சோதித்து விலக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டால், குணம் கண்டது எதனால் என்று தெரியாமற் போகும். மருத்துவர் இரண்டு மருந்தை ஒருங்கே கொடுத்தால் நோயைத் தீர்த்தது எது என்று எவ்வாறு அறிவார்?

தேடும் பரப்பைக் குறுக்குவது இன்னொரு வேலை. கோடிக்கணக்கான வகுத்தல்களின் கூட்டுத்தொகை தவறு என்றால், எந்த வகுத்தலில் தவறு? இத்தகைய தேடலுக்கு உகந்த பழைய முறை ஒன்று உண்டு. முழு வரிசையையும் இரு பாதியாகப் பகுத்து, எந்தப் பாதியில் வேறுபாடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பாதியை மீண்டும் இரண்டாக்க வேண்டும். பத்து முறை பகுத்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பரப்புச் சுருங்கும். இருபது முறை பகுத்தால் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். நைஸ்லியின் தேடல் இறுதியில் ஓர் இணையில் வந்து நின்றது. 824633702441 என்பதும் 824633702443 என்பதும் அந்த இணை. ஒன்றை 824633702441-ஆல் வகுக்கும்போது, பென்டியம் தந்த விடையில் எட்டாம் இலக்கத்துக்குப் பின்வந்தவை எல்லாம் தவறாக இருந்தன.

இதைச் சரிபார்க்க எவரும் செய்யக் கூடிய எளிய சோதனை ஒன்று இருந்தது. ஓர் எண்ணின் தலைகீழியை அந்த எண்ணாலேயே பெருக்கினால் விடை ஒன்று என வர வேண்டும் என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. பென்டியத்தில் இந்த எண்ணுக்கு அவ்வாறு செய்தபோது கிடைத்தது 0.999999996274709702. குறைவு மிகச் சிறியதே. ஆனால் பத்தொன்பது இலக்கங்கள் வரை நம்பத் தக்கது என்று சொல்லப்பட்ட பொறி, ஒன்பதாம் இலக்கத்திலேயே தவறியது என்றால் அதை எவ்வாறு பொறுப்பது?

அதே நிரல் 486 பொறியில் சரியான விடையைத் தந்தது. பென்டியத்திலும், தசமக் கணக்குகளுக்கென்று உள்ள தனிப் பகுதியை முடக்கிவிட்டு மென்பொருளின் வழியே வகுக்கச் செய்தபோது பிழை மறைந்தது. ஆனால் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. வேறு நிறுவனங்கள் செய்து விற்ற பென்டியம் கணிப்பொறிகளில் சோதித்தபோது அங்கும் அதே பிழை தோன்றியது. ஆகவே குற்றம் ஒரு தனிப் பொறியினுடையதன்று. அந்த வகைச் செயலியினுடையது. 1994 அக்டோபர் 19-ஆம் நாள்தான், பிற காரணங்கள் அனைத்தையும் விலக்கிவிட்டோம் என்னும் உறுதி நைஸ்லிக்குப் பிறந்தது. முரண்பாட்டைக் கண்ட நாளிலிருந்து 128 நாள்கள் கடந்திருந்தன.

அக்டோபர் 24-ஆம் நாள் அவர் இன்டெல் நிறுவனத்துக்குச் செய்தி அறிவித்தார். நிறைவான மறுமொழி கிட்டவில்லை. 30-ஆம் நாள், தாம் கண்டதை விளக்கி, ஏனையோரும் தத்தம் பொறிகளில் சோதித்துப் பார்க்குமாறு கேட்டு, அறிமுகமானவர்கள் சிலருக்கு மின்னஞ்சல் எழுதினார். அக்கடிதத்தில் எவரையும் அவர் பழிக்கவில்லை. எண் இது, விடை இது, வர வேண்டியது இது, இன்ன இன்ன பொறிகளில் பார்த்தேன் என்று மட்டும் கூறினார். எவரும் தம் மேசையிலேயே மீண்டும் செய்து பார்க்கத் தக்கதாகக் குறையை எடுத்துரைத்தமையே அக்கடிதத்தின் வலிமை.

சில நாள்களில் அச்செய்தி இணையத்தின் வழியே நாடுகளைக் கடந்து சென்றது. ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் கைசர் என்பார், தவறாக வரும் தலைகீழிகள் இருபத்து மூன்றைப் பட்டியலிட்டார். வைட்டெஸ் என்னும் நிறுவனத்தில் சில்லுகளை வடிவமைத்துவந்த டிம் கோ என்னும் பொறியாளர் அந்தப் பட்டியலை ஆராய்ந்தார். பென்டியத்தின் உட்புறத்தை அவர் கண்டதில்லை. ஆயினும், தவறான விடைகளைக் கொண்டே உள்ளே நிகழும் வகுத்தல் முறையை ஊகித்து, மிகப் பெரிய பிழை தோன்றும் கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். மாணவனின் தவறான விடையைப் பார்த்தே எந்த வாய்பாட்டை அவன் மறந்தான் என்று சொல்லும் நல்லாசிரியரை அவர் எனக்கு நினைவூட்டுகிறார்.

அவர் தந்த கணக்கு இது: 4195835-ஐ 3145727-ஆல் வகுக்க. சரியான விடை 1.333820449 எனத் தொடங்கும். பென்டியம் தந்த விடையோ 1.333739068 எனத் தொடங்கியது. ஐந்தாம் இலக்கத்திலேயே தவறு! ஈவை மீண்டும் 3145727-ஆல் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் சுழி வர வேண்டும்; அந்தச் செயலியில் 256 மிஞ்சியது. பகா எண்களைப் பற்றி ஏதும் அறியாத கடைக்காரரும் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

இனி அப்பிழைக்குக் காரணம் யாது என்று பார்ப்போம். அதை அறியப் பொறியியல் கற்றிருக்க வேண்டுவதில்லை. நெடுவகுத்தல் கற்றிருந்தால் போதும்.

1554-ஐ 37-ஆல் வகுக்கிறோம் என்று கொள்வோம். முதலில் 155-இல் 37 எத்தனை முறை அடங்கும் என்று பார்க்கிறோம். முன் இலக்கங்களை நோக்கி, வாய்பாட்டை நினைந்து, 'நான்கு' என்கிறோம். 148 போக 7, அடுத்த இலக்கமாகிய 4-ஐ இறக்கினால் 74, அதில் இருமுறை. விடை 42. முதலில் 'ஐந்து' என்று தவறாக மதிப்பிட்டிருந்தால் அழித்துவிட்டு நான்கு என்று எழுதுவோம். விரைந்து செல்ல வேண்டிய பொறிக்கு அழித்தெழுதப் பொழுது இல்லை. ஆகையால் அதற்கு வேறொரு வழியைக் கண்டார்கள். ஐந்து என்றே வைத்துக்கொண்டு 1850-ஐக் கழிக்கலாம்; 296 குறைவு விழும். அந்தக் குறைவில் 37 எட்டு முறை அடங்கும். ஆகவே ஐம்பதிலிருந்து எட்டைக் கழித்தால் விடை 42. மதிப்பீடு சிறிது மிகையானாலும் அடுத்த படியில் கழித்துச் சரிசெய்துகொள்ளலாம்.

இம்முறையை 1950-களின் பிற்பகுதியில் சுவீனி, ராபர்ட்சன், டோச்சர் என்னும் மூவர் ஒருவரையொருவர் சாராமல் தனித்தனியே கண்டறிந்தனர். பென்டியம் இம்முறையையே கைக்கொண்டது. நாம் பத்தின் அடுக்கில் எண்ணுகிறோம். அது வகுக்கும்போது நான்கின் அடுக்கில் எண்ணியது. ஒவ்வொரு படியிலும் ஈவின் இலக்கம் கூட்டல் இரண்டு முதல் கழித்தல் இரண்டு வரையுள்ள ஐந்தில் ஒன்றாக இருக்கும். எந்த இலக்கத்தைத் தேர்வது என்று நினைவுபடுத்தும் வாய்பாடு ஒன்று சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தது. அதில் 1066 பதிவுகள் இருக்க வேண்டும். வடிவமைப்பிலிருந்து சில்லுக்கு அவ்வாய்பாட்டைப் படியெடுத்தபோது ஐந்து பதிவுகள் விடுபட்டுப்போயின என்று இன்டெல் நிறுவனம் பின்னர் விளக்கிற்று. 'இரண்டு' என்று இருக்க வேண்டிய அவ்விடங்கள் வெறுமையாக இருந்தமையால், பொறி அங்கே 'சுழி' என்று படித்தது. சிறிய மிகையையும் குறையையும் அடுத்த படியில் திருத்திக்கொள்ளலாம். இரண்டுக்குச் சுழி என்று எடுத்துவிட்டால் திருத்திக்கொள்ள இயலாது.

ஏழாம் வாய்பாட்டில் ஒரே ஒரு வரியை மறந்த மாணவனை எண்ணிப் பாருங்கள். நூறு கணக்குக் கொடுத்தாலும் அவன் எல்லாவற்றையும் சரியாகவே செய்யக் கூடும். அந்த வரி தேவைப்படும் கணக்கு வரும்போதுதான் வழுக்குவான். தேர்வில் அக்கணக்கு வரவில்லையெனில் முழு மதிப்பெண்ணும் பெறுவான். பென்டியமும் அவ்வாறே சோதனைகளில் தேறிற்று. விடுபட்ட பதிவுகளை நாடிச் செல்லும் எண்கள் மிகச் சிலவே. நைஸ்லி கண்ட 824633702441, இரண்டின் 38-ஆம் அடுக்கை மூன்றால் பெருக்கி வரும் எண்ணுக்குச் சற்றே குறைவானது. கோ காட்டிய 3145727-உம் இரண்டின் 20-ஆம் அடுக்கின் மும்மடங்குக்கு ஒன்று குறைவானது. இரும எண்ணாக எழுதினால் இரண்டின் தொடக்கமும் ஒரே வடிவாக இருக்கும். வெவ்வேறு திசையிலிருந்து வந்த இருவரும் ஒரே பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றிருக்கிறார்கள்.

மாற்று வழியும் விரைவிலேயே கிடைத்தது. டிம் கோ, நார்வே நாட்டின் டெர்யே மத்தீசென், கணித மென்பொருள் வல்லுநர் கிளீவ் மோலர், பீட்டர் டாங் ஆகியோரும் இன்டெல் பொறியாளர்களும் கூடி அதை வகுத்தனர். வகுக்கும் எண் ஐயத்துக்குரிய வடிவில் இருக்கிறதா என்று மென்பொருள் முதலில் பார்க்கும். இருந்தால், வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் பதினாறில் பதினைந்து பங்காக்கிவிட்டு, அதன் பிறகு வகுக்கும். பின்னத்தின் மேலெண்ணையும் கீழெண்ணையும் ஒரே எண்ணால் பெருக்கினால் மதிப்பு மாறாது என்று ஐந்தாம் வகுப்பில் கற்பிக்கிறோமே, அந்த விதிதான் இது. ஈவு மாறாது, ஆனால் வகுக்கும் எண் பள்ளத்தை விட்டு விலகிச் சென்றுவிடும். பெருந்தொழிற்சாலையில் பிறந்த குறையைப் பள்ளிக்கூடப் பின்னக் கணக்கு ஒன்று மறைத்துக் காத்தது.

பிழை பொறியோடு நின்றிருந்தால் வரலாறு இங்கே முடிந்திருக்கும். ஆனால் இன்டெல் நிறுவனமே 1994-இன் நடுப்பகுதியில், தன் சொந்தச் சோதனைகளில் இக்குறையைக் கண்டிருந்தது. இனிச் செய்யும் சில்லுகளில் திருத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்ததேயன்றி, வாங்கியவர்களுக்கு அது அறிவிக்கவில்லை. நவம்பரில் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் செய்தி பரவிய பின்னர், சாதாரணமாகக் கணக்குப் பார்ப்பவர் ஒருவருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இப்பிழை நேரும் என்று அது கணக்கிட்டுக் கூறிற்று. எழுந்தவாறு எடுத்த எண்களை வகுத்தால் 900 கோடி வகுத்தல்களுக்கு ஒரு முறைதான் தவறும் என்பது அதன் அடிப்படை. நுட்பமான கணக்குத் தேவை என்று மெய்ப்பிப்போருக்கு மட்டுமே சில்லு மாற்றித் தரப்படும் என்றும் அறிவித்தது.

டிசம்பர் 12-ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் தன் பென்டியம் கணிப்பொறிகளின் விற்பனையை நிறுத்தியது. கணக்கு அட்டவணைகளில் வேலை செய்பவருக்கு 24 நாள்களுக்கு ஒரு முறை பிழை நேரக் கூடும் என்று அது கூறிற்று. ஒருவர் 27,000 ஆண்டு என்கிறார். மற்றவர் 24 நாள் என்கிறார்! இங்கும் கணக்கு ஒன்று, விடை இரண்டு. இவ்வேறுபாட்டுக்கு வேர் சில்லில் இல்லை. இருவரும் கொண்ட எடுகோள்களில் இருக்கிறது. மனிதர் நாள்தோறும் எத்தனை வகுத்தல் செய்கின்றனர், எத்தகைய எண்களை வகுக்கின்றனர் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கொண்டனர். போட்டி நிறுவனமாகவும் விளங்கிய ஐபிஎம்மின் கணக்கை அப்படியே ஏற்கவும் வேண்டுவதில்லை. ஆனால் பொதுமக்களின் எண்ணம் வேறாக இருந்தது. எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதை அவர்கள் கேட்கவில்லை. எனக்கு வந்த விடை சரியானதா தவறானதா என்று யான் எவ்வாறு அறிவேன் என்பதே அவர்கள் வினா. அதற்கு நிகழ்தகவுக் கணக்கில் விடை இல்லை.

டிசம்பர் 20-ஆம் நாள் இன்டெல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. கேட்பவர் எவராயினும், காரணம் கேளாமல், பழைய சில்லுக்கு மாற்றாகப் புதிய சில்லைத் தருவதாக அறிவித்தது. இதற்கென 47 கோடியே 50 இலட்சம் டாலர் செலவை அது தன் கணக்கில் எழுதிக்கொண்டது. மாற்றித் தர முன்வந்தபோது, உண்மையில் மாற்றிக்கொண்டவர் தொகை குறைவே என்பது குறிக்கத் தக்கது. மக்கள் வேண்டியது சில்லை அன்று. குறையை ஒளியாமல் ஒப்புக்கொள்ளும் சொல்லை.

அந்த இழப்பிலிருந்து விளைந்த நன்மைகளும் உண்டு. ஒரு சில்லை மாதிரிக் கணக்குகளால் மட்டும் சோதிப்பது போதாது. அதன் வகுத்தல் முறை எல்லா எண்களுக்கும் சரியானது என்று கணிதத்தால் நிறுவ வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஏஎம்டி நிறுவனம் தன் கே5 செயலியின் வகுத்தல் முறையை அவ்வாறு கணிதவழி மெய்ப்பிக்கச் செய்தது. இன்டெல் நிறுவனமும் அத்துறை அறிஞர்களைத் தன்னிடம் அமர்த்திக்கொண்டது. 1995-இல் வெளிவந்த பென்டியம் புரோ முதலாக, சில்லு விற்கப்பட்ட பின்னரும் அதன் உட்கட்டளைகள் சிலவற்றைத் திருத்திக்கொள்ளும் வசதியும் அமைக்கப்பட்டது. தாமஸ் நைஸ்லி தம் பகா எண்களிடமே திரும்பிச் சென்று, புரூன் மாறிலியை மேலும் நுட்பமாகக் கணித்தார். அவர் 2019-இல் மறைந்தார். அவர் பணியாற்றிய கல்லூரி 2018 முதல் பல்கலைக்கழகமாகத் திகழ்கிறது.

நேயர்களே, இவ்வரலாற்றை ஏன் எடுத்துரைத்தேன் என்று சிலர் வினவலாம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அலுவலகத்து இளைஞர்களும் நாள்தோறும் கூறும் ஒரு சொல் உண்டு. 'என் கணிப்பொறியில் நன்றாக ஓடுகிறதே!' என்பதே அது. அச்சொல்லோடு ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடம் அதுவே. ஓரிடத்தில் ஓடி மற்றோரிடத்தில் ஓடாத மென்பொருள், இரண்டு இடங்களுக்கும் இடையே நாம் அறியாத வேறுபாடு ஒன்று உள்ளது என்று நமக்குச் செய்தி சொல்கிறது. அவ்வேறுபாடு பெரும்பாலும் எளியதாகவே இருக்கும்: பழைய பதிப்பு ஒன்று, விடுபட்ட கோப்பு ஒன்று, மாறியிருக்கும் அமைப்பு ஒன்று. பல இலட்சம் முறைகளில் ஒரு முறைதான் அது சில்லின் உள்ளே ஒளிந்திருக்கும். எங்கே இருந்தாலும் தேடும் முறை ஒன்றே. முதலில் தன்னை ஐயுறுதல்; ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல்; பெரிய கணக்கைச் சிறியதாக்கிக் குறையைத் தனித்து நிறுத்துதல்; மூன்றாவது பொறி ஒன்றிலும் சோதித்தல்; கண்டதைப் பிறர் மீண்டும் செய்து பார்க்குமாறு தெளிவாக உரைத்தல். நைஸ்லி செய்தவை இவையே.

பழைய பொறியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மட்டுமே அவர் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பிழை அவர் கணக்கில் கலந்து, அச்சேறி, மெய்யென்றே நூல்களில் இடம்பெற்றிருக்கும். மெதுவாக ஓடிய 486 சரியான விடையைச் சொன்னமையால் உண்மை வெளிப்பட்டது. கடைசி வரிசை மாணவன் வேறு விடை சொல்லும்போது அவனை அமரச் சொல்லிவிடாதீர்கள். அவன் ஏட்டையும் வாங்கிப் பாருங்கள்.